மண் பேச்சு: பாறை கரைந்தால் செடிக்கு என்ன கிடைக்கும்?

"யாருமே உரம் போடாத காடு செழித்து நிற்கிறது என்றால், அதற்கு அடியில் கிடக்கும் பாறையும் ஒரு காரணம்" என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த மாதம் என் மேசை முழுக்க. மண் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். மண்ணில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று அளந்து எழுதிக் கொடுப்பதுதான் அங்கே வேலை. அந்தச் சத்து முதலில் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். இப்போது நீங்களே கேட்டுவிட்டீர்கள். மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன்.

கேள்வி: அம்மா, கல் தண்ணீரில் கரையாது என்பது குழந்தைக்கும் தெரியும். அப்படியிருக்கப் பாறையிலிருந்து சத்து எப்படி வெளியே வரும்? (கல்லூரி மாணவி ஒருவர்)

கரையும். நம் ஆயுளுக்குள் கண்ணில் படுகிற வேகத்தில் கரைவதில்லை, அவ்வளவுதான்.

மழைநீர் வெறும் தண்ணீர் இல்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வாங்கிக்கொண்டு இறங்குவதால் அது லேசான அமிலம். மாசு இல்லாத இடத்தில்கூட அதன் பிஎச் அளவு 5.6-ஐ ஒட்டி இருக்கும். மண்ணுக்குள் போனதும் அமிலத்தன்மை இன்னும் ஏறும். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் இடம் அது. மண் துளைகளில் உள்ள காற்றில் கரியமில வாயு, வெளிக்காற்றில் இருப்பதைப்போலப் பத்து மடங்கு இருக்கும். சில இடங்களில் நூறு மடங்குகூட உண்டு. அந்த வாயு கரைந்த நீர் பாறையின் படிகங்களைத் தொட்டபடியே இருக்கிறது.

கிரானைட்டில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவது ஃபெல்ட்ஸ்பார். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் மூன்றும் கோத்துக்கொண்ட ஒரு கட்டமைப்பு அது. அதன் இடைவெளிகளில் பொட்டாசியம் உட்கார்ந்திருக்கும். அமில நீரிலுள்ள ஹைட்ரஜன் அயனி உள்ளே புகுந்து பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கும். பொட்டாசியம் வெளியேறி நீரில் கலக்கும். கட்டமைப்பில் ஒரு பகுதி சிலிக்காவாகக் கரைந்து போய்விடும், மிச்சம் களிமண்ணாக உருமாறும். சாம்பல் சத்து என்று நாம் சொல்வது இந்தப் பொட்டாசியத்தைத்தான். அதைப் பிறகு பிடித்துவைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் களிமண்ணும் அதே சிதைவில்தான் பிறக்கிறது. இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான்.

நேரில் பார்க்க வேண்டுமா? வெகுகாலம் வெயிலிலும் மழையிலும் கிடந்த ஒரு கிரானைட் துண்டைச் சுத்தியலால் உடைத்து, உடைந்த முகத்தை ஒரு கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடையுங்கள், சில்லு தெறிக்கும். நடுவில் ஃபெல்ட்ஸ்பார் பளிச்சென்று ஒளியைத் திருப்பி அடிக்கும். விளிம்பை நோக்கி வர வர அந்தப் பளபளப்பு போய், சுண்ணாம்புக்கட்டி மாதிரி மங்கிவிடும். ஓரத்தில் ஊசியால் சுரண்டினால் மாவாக உதிரும். கருப்பு மைக்காவையும் கவனியுங்கள். உள்ளே கன்னங்கரேலென்று இருக்கிற ஏடு, விளிம்பில் பொன்னிறமாகி, ஏடு ஏடாகப் பிரிந்து உப்பியிருக்கும். ஏடுகளை ஒட்டிவைத்திருந்த பொட்டாசியம் போய், அந்த இடத்தில் நீர் புகுந்ததன் அடையாளம் அது. கல்லின் மேல்தோலில் தெரியும் பழுப்பு, மைக்காவிலிருந்து வெளியேறிய இரும்பு துருப்பிடித்த நிறம். சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் மொத்தக் கதையும் இருக்கிறது.

இதே வழியில்தான் கால்சியமும் மக்னீசியமும் வருகின்றன. கந்தகம் பெரும்பாலும் பைரைட் போன்ற கனிமங்களிலிருந்து வருகிறது. மணிச்சத்தான பாஸ்பரஸ், அபடைட் என்ற கனிமத்தில் இருக்கிறது. மற்றப் படிகங்களுக்கு உள்ளேயே பொடி ஊசிகளாக அது பதுங்கியிருக்கும். பூமியின் மேலோட்டில் பொட்டாசியம் எடையில் சுமார் 2.6 சதவீதம். பாஸ்பரஸோ 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். இந்தச் சின்ன எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

பாறை உடைவதும் முக்கியம். உடைந்தால் சத்து வந்துவிடாது, ஆனால் நீர் தொடுவதற்கு முகம் கிடைக்கும். ஒரு செ.மீ. கனசதுரக் கல்லுக்கு மேற்பரப்பு 6 சதுர செ.மீ. அதையே ஒரு மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் 60 சதுர செ.மீ. குளிர் நாடுகளில் இந்த உடைக்கும் வேலையைப் பனிக்கட்டி செய்கிறது. நீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் கூடும். விரிசலுக்குள் அது நடந்தால் பாறை தாங்காது.

கேள்வி: வேர் பாறையைப் பிளக்கும் என்பது தெரிந்ததுதான். செடி பாறையைக் கரைத்தும் எடுக்கிறது என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? (ஓய்வு பெற்ற ஆசிரியர்)

நல்ல உண்மை, ஐயா. வேர் ஒரு பொட்டாசியம் அயனியை உறிஞ்சினால், மின்னேற்றம் சரியாக இருக்க ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே விட வேண்டும். அதாவது இப்படிச் சாப்பிடுகிற ஒவ்வொரு வாய்க்கும் தன்னைச் சுற்றி அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. இதுபோக சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் மாதிரியானவற்றையும் வேர் சுரக்கும். இவை இரும்பையும் அலுமினியத்தையும் பற்றி இழுத்துப் படிகத்தைத் தளர்த்திவிடும்.

வேரைவிட மெல்லிய இடத்துக்குள் போகிறவை வேர்ப்பூஞ்சைகள். மரம் சர்க்கரை கொடுக்கும், பூஞ்சை மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். ஐரோப்பாவின் ஊசியிலைக் காட்டு மண்ணிலிருந்து எடுத்த ஃபெல்ட்ஸ்பார் மணிகளில், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கே அகலமுள்ள வளைந்த சுரங்கங்கள் இருப்பதை 1997-இல் நேச்சர் இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். பூஞ்சை இழை நுழைகிற அளவு அது. மொத்தச் சிதைவில் அந்தச் சுரங்கங்களின் பங்கு சிறியதுதான் என்று பின்னால் வந்த கணக்குகள் சொல்கின்றன. ஆனாலும் ஒரு மெல்லிய இழை படிகத்துக்குள்ளே வழி போட்டுக்கொண்டு போகிறது என்பது லேசான விஷயமா?

மொட்டைப் பாறையில் முதலில் குடியேறுவது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதுவும் ஆக்சாலிக் அமிலம் சுரக்கிறது. ஹவாய்த் தீவுகளில் எரிமலைக் குழம்பு ஆறிய சில ஆண்டுகளிலேயே ஸ்டீரியோகாலன் என்ற சாம்பல் நிற லைக்கன் அதைப் போர்த்திவிடும். அதற்குள் நீலப்பச்சைப் பாசியும் குடியிருப்பதால், பாறையில் இல்லாத தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, காற்றிலிருந்து அதுவே பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: மணலும் பாறையிலிருந்து வந்ததுதானே? அதில் ஏன் சத்தே இல்லை?

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். சிலிக்கானும் ஆக்சிஜனும் தவிர அதில் வேறெதுவும் கிடையாது. மற்றக் கனிமங்களெல்லாம் கரைந்தும் மாறியும் போன பிறகு கடைசியில் மிஞ்சுவது அது. எது முதலில் சிதையும், எது கடைசியில் சிதையும் என்ற வரிசையை 1938-இல் கோல்டிச் என்ற அமெரிக்க நிலவியலாளர் வகுத்தார். ஆலிவின் என்ற பச்சை நிறக் கனிமம் முதலில், குவார்ட்ஸ் கடைசியில். பூமிக்குள் மிக அதிக வெப்பத்தில் உருவான கனிமம்தான் மேலே வந்ததும் சீக்கிரம் சிதைகிறது.

கேள்வி: எரிமலை மண் வளமானது என்று படித்தேன். அப்படியென்றால் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சிதைந்துகொண்டிருக்கும் பழைய மண்ணில் அதைவிட நிறையச் சத்து சேர்ந்திருக்க வேண்டாமா? (தோட்டம் வைத்திருக்கும் வாசகர்)

இந்த மாதம் வந்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பாறைச் சிதைவைப் பற்றிப் பலரும் நினைப்பதற்கு நேர்மாறான பதில் இதற்கு இருக்கிறது. மண்ணுக்கு வயதாக ஆகச் சத்து சேராது. ஒரு கட்டம்வரை ஏறும், பிறகு இறங்கிக்கொண்டே போகும்.

முதலில் எரிமலை. எரிமலைக் குழம்பு ஆறி உருவாகும் பசால்ட் பாறையில் கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் கிரானைட்டைவிட அதிகம். குழம்பு சட்டென்று ஆறினால் ஒழுங்கான படிகம் உருவாக நேரம் கிடைக்காது, கண்ணாடி போன்ற பொருளாக உறைந்துவிடும். ஒழுங்கு இல்லாத பொருள் சுலபமாகக் கரையும். எரிமலைச் சாம்பலாக வந்தாலோ அது ஏற்கெனவே பொடி.

இப்போது வயது. இதைச் சோதிக்க ஹவாயைவிட நல்ல இடம் கிடைக்காது. பூமிக்கு அடியிலிருந்து குழம்பு வரும் இடம் அப்படியே இருக்க, பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய துண்டான பசிபிக் தட்டு அதன் மேல் வடமேற்காக நகர்கிறது. அதனால் தென்கிழக்கில் இன்றும் எரியும் எரிமலைகள், வடமேற்கில் போகப் போகப் பழைய தீவுகள். பீட்டர் விட்டூசெக், ஆலிவர் சாட்விக் போன்ற ஆய்வாளர்கள் சுமார் 300 ஆண்டு வயதுள்ள மண்ணிலிருந்து 41 லட்சம் ஆண்டு வயதுள்ள மண்வரை வரிசையாக இடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லா இடத்திலும் பசால்ட் பாறை, கிட்டத்தட்ட ஒரே மழை, ஒரே வகை மரம். மாறுவது வயது மட்டும்.

அங்கே உரம் போட்டுப் பார்த்ததில், இளம் மண்ணில் இருந்த மரங்கள் தழைச்சத்தைக் கொடுத்ததும் வளர்ந்தன. மணிச்சத்து அவற்றுக்குத் தேவைப்படவில்லை, பாறை நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தது. மிகப் பழைய மண்ணில் தலைகீழ். தழைச்சத்து போட்டும் மரம் அசையவில்லை, மணிச்சத்து போட்டதும் வளர்ந்தது. நடுத்தர வயது மண்தான் எல்லாவற்றிலும் செழிப்பு.

ஏன் இப்படி? தழைச்சத்தைக் காற்றிலிருந்து பிடிக்கும் உயிர்கள் உண்டு. நாள் ஆக ஆக அது சேரும். பாஸ்பரஸுக்குக் காற்றில் கையிருப்பு கிடையாது. பாறை கொடுத்தால்தான் உண்டு, பாறையிலும் அது கொஞ்சம்தான் என்பதை முன்பு சொன்ன அந்தச் சின்ன எண்ணில் பார்த்தோம். அபடைட் கரைந்து தீர்ந்துபோனால் வரவு நின்றுவிடும். மழை வருடா வருடம் கொஞ்சத்தை அடித்துக்கொண்டு போகும். மிச்சமிருப்பதையும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் இறுகப் பிடித்துக்கொள்ளும். சிவப்பாகத் தெரியும் பழைய வெப்பமண்டல மண்ணைப் பரிசோதித்தால் மொத்த பாஸ்பரஸ் ஓரளவு இருப்பதாகக் காட்டும். ஆனால் செடிக்குக் கிடைக்கக்கூடிய அளவு மிகக் குறைவாக இருக்கும். பெட்டி நிறையப் பணம் இருந்தும் சாவி தொலைந்துபோனவர் நிலைமைதான் அந்தச் செடிக்கு. நியூசிலாந்தில் பணிபுரிந்த வாக்கர், சையர்ஸ் இருவரும் இந்த ஏற்ற இறக்கத்தை 1976-இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். மண்ணியல் படிக்கிறவர்கள் இன்றும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

சரி, அப்படியானால் ஹவாயின் 41 லட்சம் ஆண்டு மண்ணில் மரம் எப்படி உயிரோடு இருக்கிறது? சாட்விக் குழுவினர் 1999-இல் விடை சொன்னார்கள். 6,000 கிலோமீட்டருக்கு அப்பால், மத்திய ஆசியாவிலிருந்து பறந்து வரும் தூசு. அந்தத் தீவின் சொந்தப் பாறை கொடுக்க முடியாத பாஸ்பரஸை வேறொரு கண்டத்தின் பாறைத்தூள் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, வளம் நிலைக்க வேண்டுமானால் புதுப் பாறை வந்துகொண்டே இருக்க வேண்டும். எரிமலைச் சாம்பல், வெள்ளம் கொண்டுவரும் வண்டல், மலைச்சரிவில் மேல்மண் அரிந்து உள்ளே இருக்கும் புதுப்பாறை வெளிப்படுவது, பனியாறு அரைத்துத் தள்ளும் மாவு என்று அது பல வழியில் நடக்கும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விளைச்சல் தரும் பல சமவெளிகள், பனியுகத்தில் அரைபட்டுக் காற்றில் வந்து படிந்த பாறைமாவால் ஆனவை. தென்மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எரிமலையும் பனியாறும் தீண்டாமல் மிக நீண்ட காலம் சிதைந்த நிலம் அது. அங்கே வளரும் பேங்க்சியா செடிகள், கொத்துக்கொத்தாக மயிர் போன்ற வேர்களை விட்டு, அமிலம் சுரந்து, மிச்சமிருக்கும் பாஸ்பரஸைப் பிடுங்கி எடுக்கின்றன. அந்தச் செடிக்கு நாம் வழக்கமாகப் போடும் அளவு மணிச்சத்தைப் போட்டால் செத்தே போகலாம்.

கேள்வி: அமேசான் காட்டுக்குச் சகாரா பாலைவனம் உரம் போடுகிறது என்று ஒரு செய்தி சுற்றுகிறதே, நம்பலாமா?

நம்பலாம், ஒரு சின்னத் திருத்தத்தோடு. நாசாவின் காலிப்சோ செயற்கைக்கோள் 2007 முதல் 2013 வரை எடுத்த அளவுகளை வைத்து 2015-இல் ஒரு கணக்கு வந்தது. ஆண்டுக்குச் சராசரியாக 2 கோடியே 77 லட்சம் டன் ஆப்பிரிக்கத் தூசு அமேசான் படுகையில் விழுகிறது, அதில் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் இருக்கிறது என்றார்கள். மழையும் வெள்ளமும் அந்தக் காட்டிலிருந்து அடித்துச் செல்லும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவுதான். இந்தத் தூசுக்கு முக்கிய ஊற்று என்று சொல்லப்படுவது சாட் நாட்டிலுள்ள பொடெலே பள்ளம். ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றிய இடம். திருத்தம் என்னவென்றால், ஆப்பிரிக்காவில் புல்வெளிகளும் காடுகளும் எரியும்போது எழும் புகையும் இந்தப் பாஸ்பரஸில் கணிசமான பங்கைக் கொண்டுவருகிறது என்று 2019-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே முழுப் பெருமையும் பாலைவனத் தூசுக்கு இல்லை.

கேள்வி: தழைச்சத்து காற்றிலிருந்து மட்டும்தான் வரும் என்று பாடத்தில் படித்தோம். நீங்களும் அதையே சொல்கிறீர்களா?

மேலே சொன்னது எரிமலைப் பாறைக்கு. எல்லாப் பாறைக்கும் பொருந்தாது. பழங்காலக் கடலடிச் சேறு இறுகி உருவான படிவுப் பாறைகளில், அந்தச் சேற்றில் கலந்திருந்த உயிர்களின் தழைச்சத்தும் மாட்டிக்கொண்டிருக்கிறது. வடக்குக் கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட பாறைமேல் நிற்கும் காட்டையும், தழைச்சத்து இல்லாத பாறைமேல் நிற்கும் காட்டையும் 2011-இல் ஒப்பிட்டார்கள். முதல் காட்டின் மண்ணிலும் செடிகளிலும் தழைச்சத்து 50 சதவீதத்துக்கு மேல் கூடுதல். உலகம் முழுக்கக் கணக்குப் போட்டு, இயற்கை நிலங்களுக்குப் போய்ச் சேரும் தழைச்சத்தில் 26 சதவீதம்வரை பாறையிலிருந்து வரலாம் என்று 2018-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பத்தியாவது சேர்த்தாக வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி: அப்படியானால் பாறைத்தூளையே நிலத்தில் கொட்டிவிட்டால் உரம் வாங்கவே வேண்டாமே? (விவசாயம் செய்யும் வாசகர்)

அவசரப்படாதீர்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும். எந்தப் பாறை, எவ்வளவு நைசான தூள், உங்கள் மண் அமிலமா காரமா, உங்களால் எத்தனை வருடம் பொறுக்க முடியும். கிரானைட் தூளில் நல்ல அளவு குவார்ட்ஸ், அது உதவாது. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் பொட்டாசியத்தை மிக மெதுவாகத்தான் விடும். பசால்ட் தேவலை. அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறிப் போட்ட வயல்களில் நான்கு ஆண்டு சோதனை செய்தார்கள். ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 50 டன் பசால்ட் தூள் போட்டதில் விளைச்சல் 12 முதல் 16 சதவீதம் கூடியதாக 2024-இல் அறிக்கை வந்தது. 50 டன் என்பதைக் கவனியுங்கள். குவாரிக்குப் பக்கத்தில் நிலம் இல்லாதவர்களுக்கு வண்டி வாடகையே கட்டுப்படியாகாது.

மணிச்சத்துள்ள பாறையைப் பொடித்து விற்கும் ராக் பாஸ்பேட்டுக்கும் இதே விதி. அமில மண்ணில் போட்டால் மண்ணே அதைக் கரைத்துக் கொடுக்கும். கார மண்ணில் போட்டால் போட்டபடியே கிடக்கும். இதற்குத்தான் இங்கிலாந்தில் ஜான் பென்னட் லாஸ் 1842-இல் ஒரு வழிக்குக் காப்புரிமை வாங்கினார். எலும்பு, பாஸ்பேட் கனிமம் போன்றவற்றைக் கந்தக அமிலத்தில் ஊறவைத்துவிடுவது. நாம் மூட்டையில் வாங்கும் சூப்பர் பாஸ்பேட் அப்படிப் பிறந்தது. மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகள் எடுக்கும் சிதைவைத் தொழிற்சாலைத் தொட்டியில் அமிலம் ஊற்றி முடித்துவிடுகிறார்கள்.

இரண்டு எச்சரிக்கை. ஆலிவின் மிகுந்த சில பாறைகளில் நிக்கலும் குரோமியமும் அதிகம் இருக்கும், பரிசோதிக்காமல் போடக் கூடாது. அப்புறம், பாறைத்தூள் பறக்கும் இடத்தில் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். சிலிக்கா தூசு நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த முடியாது. உரத்துக்கு மாற்று என்று இதை நான் சொல்லமாட்டேன். சத்து வற்றிப்போன அமில மண்ணை மெல்ல மீட்க உதவும் ஒரு துணை என்று சொல்வேன்.

கேள்வி: எந்தப் பாறையாக இருந்தாலும் எல்லாச் சத்தும் கிடைத்துவிடுமா? (கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்)

கிடைக்காது. உங்கள் துறையிலேயே அதற்குப் பெரிய சான்று இருக்கிறது. நியூசிலாந்தின் வடக்குத் தீவில் எரிமலைச் சாம்பல் மண்ணில் புல் நன்றாக வளர்ந்தது. அதைத் தின்ற ஆடுமாடுகள் மட்டும் மெலிந்து, சோகை பிடித்துச் செத்தன. இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து லிமோனைட் என்ற இரும்புத்தாதுவைக் கொடுத்தார்கள். குணமானது. ஆனால் வேலை செய்தது இரும்பு இல்லை. அந்தத் தாதுவில் கலந்திருந்த துளி கோபால்ட் என்று 1930-களில் தெரிந்தது. அசைபோடும் விலங்கின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் பி12 வைட்டமின் தயாரிக்கக் கோபால்ட் வேண்டும். அந்தச் சாம்பலில் அது போதவில்லை. எரிமலை மண் என்றாலே குறையில்லாத மண் என்று எண்ணிவிடக் கூடாது.

மனிதருக்கும் இப்படி நடந்திருக்கிறது. சீனாவின் கெஷான் வட்டாரத்தில் 1935-இல் பதிவான ஒரு இதயத்தசை நோய் அந்த ஊரின் பெயராலேயே அழைக்கப்படுகிறது. செலினியம் மிகக் குறைந்த மண், அதில் விளைந்த உணவை மட்டும் உண்டு வாழ்ந்த மக்கள். ஒரு வைரஸுக்கும் இதில் பங்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். செலினியம் மாத்திரை கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. செர்பென்டைன் பாறை சிதைந்த மண்ணில் மக்னீசியம் மிதமிஞ்சி இருக்கும், கால்சியம் குறைவு, நிக்கல் அதிகம். பெரும்பாலான செடிகள் அங்கே தலைதூக்காது. நியூ கலிடோனியா தீவில் அந்த மண்ணில் ஒரு மரம் வளர்கிறது. பட்டையைக் கீறினால் நீலப்பச்சை நிறத்தில் பால் வடியும். அந்தப் பாலின் உலர் எடையில் கால் பங்கு நிக்கல்.

கேள்வி: கரைந்த சத்தெல்லாம் கடைசியில் ஆறு வழியாகக் கடலுக்குப் போய்விடுகிறதே, அது வீண்தானே?

வீண் இல்லை. பாறை விட்ட சிலிக்காவைக் கொண்டுதான் டயாட்டம் என்ற நுண்பாசி தன் ஓட்டைக் கட்டுகிறது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களுடையது. சிதைவின்போது கரியமில வாயு பைகார்பனேட்டாக மாறிக் கடலுக்குப் போய், கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக்கல்லாகப் படிகிறது. பூமி சூடானால் சிதைவு வேகமாகி வாயுவைக் குறைக்கும், குளிர்ந்தால் மெதுவாகும். லட்சக்கணக்கான ஆண்டுக் கணக்கில் நடக்கும் சரிக்கட்டல் இது. நம் நூற்றாண்டின் அவசரத்துக்கு அது வந்து உதவாது.

கேள்வி: அமில நீர் பாறையைக் கரைக்கும் என்றால், அமில மழை மண்ணுக்கு நல்லதுதானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பார்டு புரூக் என்ற காட்டில் 1963 முதல் ஓடைநீரை விடாமல் அளந்துவருகிறார்கள். தொழிற்சாலைப் புகையால் வந்த அமில மழை, மண்ணில் களிமண்ணும் மட்கிய இலைதழையும் பிடித்துவைத்திருந்த கால்சியத்தைக் கழற்றி ஓடையில் விட்டது. பாறை ஈடுகொடுக்கக்கூடிய வேகத்தைவிட இழப்பு வேகமாக இருந்தது. கூடவே அலுமினியமும் கரைந்து வேருக்கும் மீனுக்கும் நஞ்சானது. சர்க்கரை மேப்பிள் மரங்கள் வாடின. 1999-இல் ஒரு முழு ஓடைப்படுகையின் மேல் ஹெலிகாப்டரிலிருந்து வொலஸ்டனைட் என்ற கால்சியம் சிலிக்கேட் கனிமத்தைத் தூவினார்கள். அடுத்த ஆண்டுகளில் அங்கே மேப்பிள் மரங்கள் தேறின, புதுக்கன்றுகளும் பிழைத்தன.

கேள்வி: ஆன்ட்டி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதில் ஏதாவது செய்து காட்ட முடியுமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

முடியும், தம்பி. ஒரே சுண்ணாம்புக்கல்லில் ஒரு துண்டையும், அதே எடைக்குப் பொடியையும் எடுத்துக்கொள். தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் போட்டு ஒரே அளவு வினிகர் ஊற்று. எதில் நுரை வேகமாகப் பொங்குகிறது, எது சீக்கிரம் அடங்குகிறது என்று நேரம் குறித்துக்கொள். மேற்பரப்புக் கணக்கை முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன், அதைப் பக்கத்தில் எழுதி வை.

இன்னொன்று, சற்றுப் பொறுமை வேண்டும். தேதி பொறித்த பழைய கற்களைத் தேடிப் பார். 1880-இல் ஆர்ச்சிபால்டு கெய்க்கி என்ற நிலவியலாளர் எடின்பரோ நகரக் கல்லறைக் கற்களில் எழுத்து எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்த்துத்தான் எந்தக் கல் எந்த வேகத்தில் சிதைகிறது என்று எழுதினார். நீயும் ஒரே காலத்தைச் சேர்ந்த பளிங்கு, கிரானைட் இரண்டையும் ஒப்பிட்டுப் பார். மழை படும் பக்கம், படாத பக்கம் இரண்டிலும் எழுத்தின் ஆழம், விளிம்பின் கூர்மை, லைக்கன் படர்ந்திருக்கிறதா என்பதைக் குறித்துக்கொண்டு படமும் எடு. கல்லைச் சுரண்டிப் பார்க்கக் கூடாது, தொடாமலே பார்க்க வேண்டும். கண்டதை அட்டவணையாகப் போட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பு. அடுத்த இதழில் போடலாம்.